முன்பக்கத்துச் சிறிய கதவு

சித்தூர், 8 ஜூலை 1974, திங்கள்

காலையிலேயே வெக்கை. மேகம் வந்து போனது. மழை இல்லை.

சபையில் பேசிக்கொள்வது தவறு. நான் கையெழுத்துப் போட மறுக்கவில்லை. தெரிந்த பிறகு போடுகிறேன் என்றேன். இரண்டும் ஒன்றல்ல. கிழவி பொம்மை செய்து விளையாடுகிறாள் என்பதும் தவறு. விமானப்படையிலிருந்து என் மகன் சாமுவேலின் பெட்டியோடு வந்தது அது. பிரிக்காத டப்பா, உள்ளே பால்சா என்ற லேசான மரத் தகடுகள், ஒரு வரைபடத் தாள். விடுப்பில் வந்து செய்ய வாங்கியிருப்பான். அவன் வயர்லெஸ் பார்த்த அதே ரக விமானம், நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு மாதிரி.

அவன் போன விமானம் மலையில் விழுந்து பதினொரு மாதம். ஏழு பேர் போனார்கள். ஆறு உடல்கள் கிடைத்தன. என் மகன் கிடைக்கவில்லை. ‘இறந்ததாகக் கருதப்படுகிறார்’ என்று தாள் வந்திருக்கிறது. மனைவியும் தாயும் ஒப்பிக் கையெழுத்திட வேண்டும். மருமகள் மெர்சி போட்டுவிட்டாள்.

வாங்க: பிளேடு, குண்டூசி, பசை. மெழுகுவர்த்தி வீட்டில் உண்டு (வரைபடத்தின் மேல் தேய்க்க. இல்லாவிட்டால் மரம் தாளோடு ஒட்டிக்கொள்ளுமாம்).

10 ஜூலை, புதன்

வெட்கக்கேடு. இறக்கைக்கு விலா எலும்பு மாதிரி இருபத்திரண்டு துண்டுகள். எட்டை வெட்டிய பிறகுதான் பார்த்தேன், கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டியிருக்கிறேன். தையலுக்கு விடுவது. முப்பது வருஷம் மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த கை, கேட்காமலே விட்டிருக்கிறது. மரத்தில் மடித்துத் தைக்க என்ன இருக்கிறது? எட்டையும் சீவினேன். இரண்டு பிளந்தன. எனக்குத் தையல் கற்றுத்தந்த கான்வென்ட் சிஸ்டராக இருந்தால் எட்டையும் குப்பையில் போடச் சொல்லியிருப்பார்.

எதிர்வீட்டு ரோசம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தெருவில் யாரிடமோ சொன்னது கேட்டது. “டீச்சரம்மா குச்சிய சீவிக்கினு கீது. புள்ள அதுல ஏறி வந்துடுவான்னு நெனப்பு.”

சன்னலைச் சாத்தவில்லை. சாத்தினால் கேட்டுவிட்டது என்று தெரியும். ரொட்டி, மோர். வேறு சமைக்கவில்லை.

12 ஜூலை, வெள்ளி

மெர்சி வந்தாள், பதினொரு மணி திருப்பதி பஸ்ஸில். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து நேரே. கண் சிவந்திருந்தது. விமானத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உடலின் இரண்டு பக்கச் சட்டங்களையும் நான் சேர்த்துப் பிடிக்க முடியாமல் தவித்ததைப் பார்த்து, எதிரே உட்கார்ந்து ஒரு பக்கம் பிடித்தாள்.

“அத்தே, கோயில்ல கல்யாண ஓலை படிக்கணும்னா அந்தத் தாள் வேணும்னு போதகர் சொல்ட்டாரு. எனக்கு முப்பத்தொண்ணு ஆவுது.”

தெரியும் என்றேன். அவளைப் பெண் கேட்டிருக்கும் கம்பவுண்டரைப் பார்த்திருக்கிறேன். நல்லவன். அதுதான் கஷ்டம்.

“அவரு செத்துட்டாருன்னு நான் ஆசப்பட்டா சொல்றேன்? எத்தினி நாளு பொண்டாட்டியும் இல்லாம தாலியறுத்தவளும் இல்லாம நின்னுக்கினு இருக்கிறது?”

பசை காயும்வரை கையை எடுக்கக் கூடாது. அவளும் எடுக்கவில்லை.

மூன்று மணி பஸ்ஸுக்குப் போனாள். அவள் பிடித்த பக்கம் நேராக நிற்கிறது. என் பக்கம் கோணல்.

14 ஜூலை, ஞாயிறு

ஆராதனை முடிந்து போதகர் வந்தார். சாமுவேலுக்குச் சுவரில் ஒரு கல் பதிக்கலாம், பெயரும் இரண்டு தேதிகளும் போதும் என்றார். ஒரு தேதிதான் என்னிடம் இருக்கிறது என்றேன்.

மாலை. வரைபடத்தில் வயர்லெஸ்காரன் இடத்துக்குப் பக்கத்தில் புள்ளிக்கோட்டில் ஒரு சிறு கட்டம். அழுக்கு என்று நினைத்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கதவு. பின்னால் இருப்பது மட்டும்தான் கதவு, அவ்வளவு தூரம் போய் அவனால் குதித்திருக்க முடியாது என்றல்லவா எல்லாரும் சொன்னார்கள்.

15 ஜூலை, திங்கள்

கட்டம்: அகலம் அரை அங்குலம், உயரம் முக்காலுக்குச் சற்றுக் குறைவு. நாற்பத்தெட்டால் பெருக்க: இருபத்து நான்கு, முப்பத்து நான்கு. சாமுவேலின் தோள் பதினெட்டரை. கடைசிச் சட்டை நான் வெட்டியது.

முதுகில் பாரசூட் பை இருக்குமே.

வாசலைத் தாழிட்டேன். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நாடாவால் அதே அளவில் சட்டம் கட்டினேன். முதுகில் தலையணையைக் கட்டிக்கொண்டு நுழைந்தேன். முதல் தடவை தலையணை மாட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை குனிந்து, ஒரு தோளை முன்னால் விட்டு, போக முடிந்தது. முழங்காலில் சிராய்ப்பு. தரையில் கொஞ்ச நேரம் கிடந்தேன்.

16 ஜூலை, செவ்வாய்

தூறல். இறக்கைக்குப் போர்த்தும் மெல்லிய தாளை இன்னும் ஒட்டவில்லை. அது இருக்கட்டும். விமானப்படை அலுவலகத்துக்குக் கடிதம் ஆங்கிலத்தில் போயிற்று, பதிவுத் தபாலில். சாரம் இங்கே:

ஐயா, சிதைவைக் கண்டெடுத்தபோது முன்பக்கத்துச் சிறிய கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா? மூடியிருந்தால் அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன். அறிய முடியாதபடி நொறுங்கியிருந்தாலும் கையெழுத்திடுவேன். என் மருமகள் காத்திருந்தது போதும். திறந்திருந்தால் அதை அவளிடம் நானே சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது. ஆறுதல் எழுத வேண்டாம். கேட்டதற்கு மட்டும் எழுத்தில் பதில் தரவும்.