மூன்று மாதமும் ஒரே கடிதம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஆங்கீரச வருஷம் ஆடி 30, ஞாயிறு
(14-8-1932)

சிரஞ்சீவி கன்னையாவுக்கு அம்மாவின் ஆசி. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் வேளைக்குப் பசித்து, படுத்தால் தூங்கி, சௌக்கியமாக இருக்கிறோம். உனக்கு அங்கே பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல முன்வீட்டுப் புஷ்பவல்லியின் மகள் ரமணி எழுதுகிறாள். மதராசுக்குக் கப்பலேறிப் போய் பி.ஏ. படித்துவிட்டு வந்து பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள், ஞாயிற்றுக்கிழமையானால் மைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துவிடுவாள். நான் சொல்வதை அப்படியே எழுதணும், உன் படிப்பையெல்லாம் இதில் கலக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். தலையை ஆட்டுவாள்.

போன ஞாயிறு உன் கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். நான் நலம், தங்கள் நலம் அறிய ஆவல், பள்ளிக்கூடம் நடக்கிறது, இங்கு ஒரு குறையும் இல்லை, வேறு விசேஷம் இல்லை என்று படித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏண்டி, போன மாசக் கடுதாசியையே மறுபடியும் படிக்கிறியே, பி.ஏ. படிச்சவளுக்குப் புதுசு எது பழசு எதுன்னு தெரியலையா என்று கத்திவிட்டேன். முகம் சிவந்துபோய் எழுந்து, தகரப் பெட்டியிலிருந்து வைகாசியில் வந்ததையும் ஆனியில் வந்ததையும் எடுத்துப் புதுக் கடிதத்தின் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது கன்னையா. ஆனாலும் மூன்று காகிதத்திலும் வரிகள் ஒரே இடத்தில் ஆரம்பித்து ஒரே இடத்தில் நிற்பது என் கண்ணுக்கே தெரிந்தது. உன் அப்பா பின்கதவுக்குப் பட்டை அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது.

நீ எழுதுகிற பிள்ளையா இது? சமையல்காரன் புளியை அள்ளிக் கொட்டுகிறான் என்று ஒரு பக்கம் எழுதுவாய். அட்டைக் கடி, தொரையின் நாய் வகுப்பில் வந்து படுத்துக்கொள்கிறது, நான் அனுப்பிய முறுக்கை உடைக்கச் சுத்தியல் தேவைப்பட்டது என்று எல்லாவற்றுக்கும் உனக்கு ஒரு குறை உண்டு. படித்துக் கேட்டுவிட்டு நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். ஒரு குறையும் இல்லை என்று நீ எழுதியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஜெயராஜ் ஆனி மாதம் லீவில் இங்கே வந்தபோது கொஞ்சம் சொன்னான். ஐம்பத்திரண்டு பிள்ளைகளுக்கு நீ பாடம் சொன்ன பள்ளிக்கூடத்தில் இப்போது பதினாலுதானாம். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து மாதத்துக்கு ஒரு லோரி நிறைய ஆட்களைப் பினாங்குக் கப்பலுக்கு ஏற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்களாம். நீ மட்டும் பழைய ரெஜிஸ்டரில் உள்ள ஐம்பத்திரண்டு பெயரையும் இன்னும் கூப்பிடுகிறாயாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பொழுது சாயும்வரை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாயாம். அவன் சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை. வாலிபப் பிள்ளை, ஏதோ யோசனை என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

உனக்குத் தெரியாமல் ஒன்றை மறைத்திருக்கிறேன், இப்போது சொல்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் ஆள் குறைத்து, ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்து நாங்கள் இந்த அறைக்கு வந்த பிறகு, உன் அப்பா ஏழு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பார், இல்லையென்றால் இல்லை. கேட்டால் ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கேன் என்பார். முதல் இரண்டு மாதம் நான் திட்டினேன். ஊரில் எத்தனை பேருக்கு வேலை போச்சு, எல்லாரும் இப்படியா கிடக்கிறார்கள், சோம்பேறித்தனம் என்றேன். காலையில் பலகாரம் விற்க வருகிற மலாய்க்காரப் பெரியம்மா மக்சிக் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, கூடையை இறக்கி வைத்து, மாலாஸ் இல்லை, பெனாட் என்றாள். சோம்பல் இல்லையாம், களைப்பாம். வேலையே செய்யாத மனுசனுக்கு என்ன களைப்பு என்று கேட்டேன். வேலை போகுமோ என்ற பயத்தை, நாளைக்குச் சரியாகும் நாளைக்குச் சரியாகும் என்று இரண்டு வருசமாகச் சுமந்தவனுக்குக் களைப்பு வராதா என்றாள். அன்றோடு திட்டுவதை விட்டு ஆறுதல் சொல்லத் தொடங்கினேன்.

இன்னொரு நாள் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் முழுச் சோற்றையும் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். பிறகு நான் வாயில் வைத்துப் பார்த்து நடுங்கிப் போனேன். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் குறை சொல்லாத நாள் உண்டா அவருக்கு? அப்புறம் வேண்டுமென்றே ஒருநாள் கரிந்ததைப் போட்டேன், ஒருநாள் குழம்பே ஊற்றவில்லை. ஒன்றும் பேசவில்லை. நான் செய்ததெல்லாம் ரொம்பச் சின்ன வேலைதான். ஆறுதல் சொல்வதை நிறுத்தினேன், தினமும் விடிந்ததும் குழாயடிக்கு ஒரு வாளியோடு என்னுடன் வரச் சொன்னேன். ஒரே வாளி. சிலநாள் வந்தார், சிலநாள் வரவில்லை, வராத நாளில் அவர் வாளியையும் சேர்த்து நானே தூக்கினேன். சித்திரையில் ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இது என்னடி, ரசமா கழுநீரா என்று கேட்டார். எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது. தெருவுக்கு ஓடி, புஷ்பவல்லி, அவரு என்னைத் திட்டிட்டாரு என்று கூவினேன். அவர் என்னை அடித்துவிட்டார் என்று அவள் நினைத்து அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். இதை எழுதச் சொன்னபோது ரமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், எழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம். அன்றிலிருந்து எல்லாவற்றிலும் குறைதான். கதவு சரியில்லை, கூரை ஒழுகுகிறது, தாவூத் கடைத் தராசு ஒரு பக்கமாகச் சாய்கிறது. குறை சொன்னதையெல்லாம் அவரே சரி செய்யவும் ஆரம்பித்தார். இப்போது இந்தத் தெருவில் எந்தச் சைக்கிள் பழுதாகி நின்றாலும் இவரிடம்தான் வருகிறது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ஆள் கிடைத்துவிட்டார்.

நீ தைரியமாக இரு என்று நான் எழுதப் போவதில்லை. போன பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடாதே என்றும் சொல்லமாட்டேன், கூப்பிடத் தோன்றினால் கூப்பிடு. இருக்கிற பதினாலு பேரில் எவன் பென்சிலைக் கடிக்கிறான், எவள் கணக்கில் ஏமாற்றுகிறாள் என்று எனக்கு எழுது. காலையில் வெந்நீர் போட்டுக் குளி. முடியாத நாளில் முகமாவது கழுவு. குளிர்க்காய்ச்சல் வராமலிருக்கக் கொயினா மாத்திரையை மறக்காதே. என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது, ரமணி தயங்காமல் படிப்பாள்.

இனி முக்கியமான சேதி. அந்த மூன்று கடிதத்தையும் உன் அப்பா எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை. நேற்றுக் காலையில் சவரம் செய்துகொண்டே, பிறை ஊரில் பழைய கூட்டாளி ஒருத்தனைப் பார்க்கணும், வியாழக்கிழமை மெயில் வண்டியில் போறேன், அப்படியே பையனையும் எட்டிப் பார்த்துட்டு வரேன் என்றார். பிறையில் அவருக்குக் கூட்டாளி யாரும் கிடையாது. முப்பது வருசமாக எனக்குத் தெரியாத கூட்டாளியா? நான் கேட்கவில்லை. ரயில் வண்டியையே திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிக் கிடந்த மனுசன், புக்கிட் மெர்த்தாஜாமில் எந்த பிளாட்பாரத்தில் வண்டி மாறணும் என்று ரமணியிடம் இரண்டு தடவை கேட்டு வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் ஸ்டேஷனில் இறங்குவார். நீயும் கூட்டாளியைப் பற்றி எதுவும் கேட்காதே. உன் அறைக்குள் நுழைந்ததும் ஜன்னல் சரியில்லை, கட்டில் ஆடுகிறது என்பார். ஆடட்டும் என்று சும்மா இருந்துவிடாதே, ஆணி எடுத்துக் கொடு. பேசத் தோன்றவில்லையென்றால் பேசவேண்டாம், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்குங்கள். அவருக்கு அந்தக் களைப்பு தெரியும். உனக்கு அங்கே முடியவில்லை என்று தோன்றினால் அவரோடேயே புறப்பட்டு வந்துவிடு, இந்த அறையில் மூன்றாவது பாய் விரிக்க இடம் இருக்கிறது.

சமயபுரத்தாள் உன் கூடவே இருப்பாள். நூறு வருசம் நல்லபடியாக இரு. இந்தக் கடிதத்தை அவர் கண்ணில் படாத இடத்தில் வை, நான் முன்கூட்டியே எழுதிவிட்டேன் என்று தெரிந்தால் கூச்சப்பட்டுக்கொண்டு அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா இராஜம்மா
(அவர் சொல்ல எழுதியது: ரமணி)