முள்ளங்கி22 யார்?

நவம்பர் 12

காலையில் பள்ளி மெனு அனுப்பியது. பத்து நிமிடம் கழித்து நான் மனு அனுப்பினேன். "இன்றைய மனு" - மதியச் சாப்பாட்டைக் கிண்டல் செய்ய மின்னஞ்சலில் நான் நடத்தும் இதழ். ஆசிரியர் பெயர் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் எவனோ எழுதுகிறான் என்பது முதல்வரின் முடிவு. அறிவாளி எழுத்து என்றால் பையன்தான் எழுதுவான் போல.

இன்று வெறும் கிண்டல் இல்லை. நேற்று முள்ளங்கி22 என்ற முகவரியிலிருந்து ஒரு படம் வந்தது. நம் பள்ளிச் சமையலறைக் குளிர் அறையில் இருக்கும் பன்றிக்கறிப் பெட்டி. பழைய தேதிச்சீட்டின் மேல் புதுச்சீட்டு பாதி ஒட்டியிருக்கிறது. பழைய தேதி முடிந்து இரண்டு மாதம். கீழே ஒரு வரி: "என் பேர் வெளிய வரக்கூடாது பாப்பா. பிப்ரவரில ஒப்பந்தம் புதுப்பிக்கணும்."

ஆக, சமையலறையில் வேலை பார்க்கும், நாங்கள் சித்தி என்று கூப்பிடும் ஐந்து பேரில் ஒருத்தர்.

படத்தை அப்படியே போட்டேன். தலைப்பு: "காரம் குறைவு, காலம் அதிகம்." கறி கொடுக்கும் கம்பெனியின் பெயரும் படத்தில் தெரிந்தது. மறைக்கவில்லை. எதற்கு மறைக்க வேண்டும்?

நவம்பர் 14

முந்நூறு பேர் படித்த இதழை இப்போது குன்சான் ஊர் முழுக்கப் படிக்கிறார்கள். வகுப்புத் தோழன் கிசோக்கிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். முள்ளங்கி எந்தச் சித்தி என்று அவன் பந்தயம் கட்டிவிட்டான்.

"சூப்பு ஊத்துற சித்திதான்டீ. அந்த முழிய பாரு."

"அவங்க எல்லாரையும் அப்படித்தான் முறைப்பாங்க. சோத்துச் சித்தின்னு நான் சொல்றேன்."

தோற்றவர் ஒரு வாரம் மற்றவருடைய பையைத் தூக்க வேண்டும். இந்தப் பள்ளியில் எனக்குத் தெரியாத ரகசியம் இருந்ததில்லை. ஒரு வாரத்தில் இதையும் கண்டுபிடித்துவிடுவேன்.

நவம்பர் 25

கறிக் கம்பெனிக்காரர் போலீசில் அவதூறு புகார் கொடுத்திருக்கிறாராம். வரட்டும்.

டிசம்பர் 3

இன்று வீட்டில் நடந்ததை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. முழுக்கச் சிரிக்கவும் முடியவில்லை.

போன வாரம் அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி வந்ததாம். "உங்கள் பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவை காவல் நிலையத்துக்குத் தரப்பட்டன - நாரே மெயில்." அப்பா மோசடிச் செய்தி என்று அழித்துவிட்டார். பிறகு போலீஸ் என்று ஒருவர் பேசியிருக்கிறார். "உழைச்சு சாப்பிடு தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடியும் வந்தது. "உன்ன பெத்தவ பாவம்" என்று வைத்துவிட்டார். இன்று சாயங்காலம் யாங் என்ற அதிகாரி வாசலில் நின்று அடையாள அட்டையைக் காட்டினார்.

"உழைச்சுத்தான் சார் சாப்பிடறேன்" என்றாராம்.

நான் டியூஷனில் இருந்தேன். வந்ததும்தான் கேட்டேன். இதழ் போகும் அந்த நாரே மெயில் முகவரி நான் ஆறாம் வகுப்பில் தொடங்கியது. ராத்திரியில் ஆன்லைன் விளையாட்டு விளையாடப் பெரியவர் போன் எண் வேண்டும். எந்த வீட்டில்தான் அப்பா எண்ணைப் போடவில்லை? நாரே மெயிலுக்கு "இன்றைய மனு" ஆசிரியர் என் அப்பா ஓக் சங்தே, வயது நாற்பத்தொன்பது, தபால்காரர்.

டிசம்பர் 4

போச்சு.

நேற்று சொல்லாமல் விட்டதை இன்று அப்பா சொன்னார். யாங் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்: "உங்க பேர்லதானே சார் இருக்கு, கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்." அப்பா தன் போனுக்கு வந்த எண்ணைப் போட்டு, கடவுச்சொல்லை மாற்றி, மின்னஞ்சலைத் திறந்தே காட்டிவிட்டார். முள்ளங்கி22 எழுதியதை அந்த ஆள் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

நான் கத்தினேன். "அது என்னோடதுப்பா. எழுதினது நான்."

"நீயா?" என்று நிமிர்ந்தார். "காரம் குறைவு, காலம் அதிகம். அதுவும் நீயா?"

"ஆமா."

"ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சோம்டி."

"அப்பா, ஒரு போலீஸ்காரர் தெருவுல நிறுத்தி உங்க தபால் பைய திறந்து காட்டச் சொன்னா காட்டுவீங்களா?"

"அதெப்படி? தபால் அட்டையைக்கூட நான் திருப்பிப் படிச்சதில்ல. இருபத்து மூணு வருஷமா. கோர்ட்டு காகிதம் இல்லாம தொட விடமாட்டேன்."

"இது என்ன அப்போ?"

"இது... கம்ப்யூட்டர்."

"ஒருத்தங்க எனக்குப் போட்ட கடுதாசிப்பா. நம்பிப் போட்டாங்க."

அப்பா சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார். கிம்ச்சியைத் தொடவில்லை. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. படத்தைக் கம்பெனிப் பெயரோடு ஊருக்கே காட்டியது யார்? அவரா?

டிசம்பர் 5

அப்பாவோடு காவல் நிலையம் போய் "ஆசிரியர் நான்தான்" என்றேன். யாங் என் சீருடையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், தன் காப்பியைப் பார்த்தார்.

"சரி பாப்பா. முள்ளங்கி யாருன்னு சொல்லிடு. கறிக் கம்பெனிக்காரர் புகார வாபஸ் வாங்கிடறேங்கறார். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

"தெரியாது."

"நெஜமாவா?"

முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, எனக்கு உண்மையிலேயே தெரியாது. பந்தயத்தில் ஜெயித்திருந்தால் என் மூஞ்சியே பெயரைச் சொல்லியிருக்கும்.

"பரவால்ல. முள்ளங்கி முகவரியும் நாரே மெயில்தான், ஒரு பக்கம் எழுதிக் கேட்டா அவங்களே சொல்லிடுவாங்க. உங்க அப்பா பேரு அப்படித்தான் வந்துச்சு."

"ஜட்ஜ் கையெழுத்து வேணாமா?"

"உள்ள இருக்கற கடுதாசிக்குத்தான் வேணும். பேருக்கு வேணாம்."

"அவங்க தரமாட்டேன்னா?"

"தரமாட்டேன்னு சொல்லலாம்தான்." சிரித்தார். "இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

திங்கட்கிழமை அனுப்புவாராம். அந்தச் சித்தியின் பெயருக்கும் போலீசுக்கும் நடுவே இப்போது நாரே மெயிலில் ஒரு மேஜைதான்.

டிசம்பர் 6

பந்தயத்தை ரத்து செய்தேன். கிசோக் "தோத்துடுவேன்னு பயம்" என்கிறான். இருக்கட்டும்.

இதழில் கூப்பிட்டதும் இருநூறு பேர் ஒரே நேரத்தில் நாரே மெயிலின் கேள்விப் பக்கத்தில் எழுதினோம்: "என் பெயரை யாருக்காவது கொடுத்தீர்களா?" என் யோசனைதான், வேறு யாருக்கு வரும்?

இருநூறு பேருக்கும் ஒரே பதில். "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் கருத்துக்கு நன்றி."

எந்திரம்.

டிசம்பர் 8

மனிதர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய எதையாவது அனுப்ப வேண்டும். அப்படி ஒன்றுதான் இருக்கிறது: சான்றுக் கடிதம், என்ன எழுதினோம் என்பதற்குத் தபால் நிலையமே சாட்சி. வாடகை தராதவனுக்கும் ஓடிப்போன புருஷனுக்கும் நாட்டில் அதைத்தான் அனுப்புகிறார்கள். வந்தால் பெரிய கம்பெனிக்கும் வயிறு கலங்கும். வரவில்லை என்று பொய் சொல்ல முடியாது.

நான் எழுதினேன். கிண்டல் ஒரு வரிகூட இல்லை, கை அரித்தது. "கோர்ட்டு உத்தரவு இல்லாமல் எங்கள் பெயரைக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? எழுத்தில் பதில் தாருங்கள். கொடுத்தால் வழக்குப் போடுவோம்." அப்பா எட்டிப் பார்த்தார்.

"மூணு பிரதி எடு. ஒண்ணு தபாலாபீஸ்லயே இருக்கும்."

"நீங்களும் கையெழுத்துப் போடுங்க. நான் மைனர்."

போட்டார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது எங்கள் அடுக்ககத்தில் மட்டும் பதினோரு பெற்றோர் கையெழுத்து. தபால்காரர் கதவைத் தட்டினால் எல்லாரும் திறப்பார்கள், பழக்கதோஷம்.

டிசம்பர் 9

தபால் நிலையத்தில் வரிசை வாசலைத் தாண்டியது. அறுபத்துச் சொச்சம் பேர், ஆளுக்கு மூன்று பிரதி. கவுன்ட்டர் அக்கா முத்திரை குத்திக் குத்தி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல விவாகரத்தா?"

"இன்னும் கல்யாணமே ஆகலக்கா, முன்னேற்பாடு" என்றேன்.

டிசம்பர் 12

பதில் இல்லை. யாங்கின் ஒரு பக்கம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். என்னால சாப்பிட முடியல. அந்தச் சித்திக்கு இதெல்லாம் தெரியுமா? யாருகிட்ட போய் சொல்றது, யாருன்னே தெரியாம?

டிசம்பர் 16

நாரே மெயிலிலிருந்து போன். மா என்று ஒரு பெண்மணி. போலீஸ் கேட்கும் பெயர்களை அனுப்பும் மேஜை அவருடையதாம்.

"அறுபது சான்றுக் கடிதத்துக்கும் நான்தாம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இந்த யோசனை யாரோடது?"

"தபால்காரர் பொண்ணோடது."

"எங்க வக்கீல் மூணு நாளா தூங்கல." குரலில் கோபம் இல்லை. "பதில் அப்புறம் எழுத்துல வரும். இப்ப ஒண்ணு மட்டும் சொல்றேன். குன்சான்ல இருந்து ஒரு காகிதம் வந்துச்சு. கோர்ட்டு உத்தரவோட வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன். இனி எல்லாருக்கும் அப்படித்தான்."

போனை வைத்துவிட்டு இரண்டு கிண்ணம் ராமென் நூடுல்ஸ் சாப்பிட்டேன். மூன்றாவது கிண்ணத்தை அப்பா பிடுங்கிக்கொண்டார்.

ஜனவரி 8

யாங் அப்பாவுக்குப் போன் செய்தார். முதலில் அவர் சொன்னது: "வச்சிடாதீங்க சார், நெஜமாவே நான்தான்."

உத்தரவு கேட்டு நீதிபதியிடம் போனாராம். கிடைக்கவில்லை. கறி கெட்டதா என்று பெட்டியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாமே, சொன்னவர் பெயர் எதற்கு என்று நீதிபதி கேட்டுவிட்டாராம். பிறகு நகராட்சி ஆட்கள் குளிர் அறையைத் திறந்தார்கள். இன்னும் பதினேழு பெட்டி. கம்பெனிக்காரர் இப்போது புகாரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

"என் கேஸ் கணக்குல ஒண்ணு குறைஞ்சிடுச்சு, உங்க பொண்ணால" என்றாராம்.

"அவ கணக்குல எப்பவும் வீக்குங்க" என்றிருக்கிறார் அப்பா. இந்த மனுஷனுக்கு எங்கிருந்து வருகிறது இதெல்லாம்?

பிப்ரவரி 20

இந்த வாரம்தான் சித்திகளுக்கு ஒப்பந்தம். விடுமுறை என்பதால் போய்ப் பார்க்கவும் முடியாது.

மார்ச் 4

பள்ளி திறந்த முதல் நாள். மதியம் வரிசையில் நின்றபோது எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி, முகமூடி, அதே ஐந்து பேர். எண்ணியதையே மறுபடியும் எண்ணினேன்.

பிறகு தட்டை நீட்டி, குனிந்துகொண்டே நகர்ந்தேன். சோறு, சூப்பு, கீரை. முட்டைச் சுருள் ஆளுக்கு இரண்டு. என் தட்டில் மூன்றாவதாக ஒன்று விழுந்தது. கரண்டி ஒரு நொடி நின்றது. நிமிர்ந்து பார்க்கச் சொல்லிக் கழுத்து கெஞ்சியது.

"பாத்தியாடீ?" உட்கார்ந்ததும் கிசோக் முழங்கையால் இடித்தான். "உனக்கு மட்டும் மூணு. யாரு போட்டாங்க?"

"பாக்கல."

"பொய் சொல்லாத."

"பாக்கலடா."

திரும்பிக் கவுன்ட்டர் பக்கம் பார்க்கப் போனான். மூன்றாவது சுருளை அவன் வாயில் திணித்து, முகத்தை இந்தப் பக்கம் திருப்பினேன்.