நிறுத்தத் தெரியாத நொதி

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்றைக்கு மூன்றாமாண்டு வகுப்பில் கைனேஸ் நொதிகள். ஒரு மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து இன்னொன்றில் ஒட்டும் நொதி என்று பலகையில் எழுதினேன். வருடாவருடம் சொல்வதுதான். ஒரு மாணவி எழுந்து, "மேடம், நிறுத்தாம ஒட்டிக்கிட்டே இருந்தா என்னங்க ஆகும்?" என்று கேட்டாள். "சில பேருக்கு ரத்தப் புற்றுநோய் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தை வரைந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அதுதான் என்று நேற்று சேலத்தில் டாக்டர் சொன்னார். கல்லூரியில் யாருக்கும் தெரியாது.

சாயந்திரம் அவர் சங்ககிரி லாரிப் பட்டறையிலிருந்து வந்து, மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டினார்.

"ஏம்புள்ள, இது உள்ள போயி என்ன பண்ணும்?"

"அந்த நொதி வேலை செய்யற எடத்துல போயி உக்காந்துக்குமுங்க. அதால பாஸ்பேட்ட ஒட்ட முடியாது."

"அப்ப அது செத்துருமா?"

"இல்லீங்க, அது இருக்கும். அதனாலதான் மாத்திரையத் தெனமும் போடோணும்."

"காலம் பூராவுமா?"

"இப்போதைக்கு அப்படித்தானுங்க."

வகுப்பில் பேசிய அதே குரலில்தான் பேசினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குப் பயமா இருக்குதா புள்ள?"

"தெரியலீங்க" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்து மாத்திரையை விழுங்கினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கை சூடாக இருந்தது. இன்றைக்கு எனக்கு உறைத்தது அது ஒன்றுதான்.