கொஞ்சம் கொஞ்சமாத் தா

நானா,

உங்கள் கயிறு இப்போது என் வீட்டு விறாந்தையில் ஆணியில் தொங்குகிறது. ஈரம் பட்டால் அதிலிருந்து மாமரப் பாலின் மணம் கிளம்புகிறது. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அந்தக் கறுத்தக் கறையும் போகவில்லை, மணமும் போகவில்லை. "உந்தக் கயிறைக் கொண்டுபோய்க் கொட்டிலுக்க வையுங்கோவன், வீடெல்லாம் மணக்குது" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். நான் காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன். நேற்றுப் பின்னேரம் மழை பெய்தது, மணம் வந்தது, அண்ணன்போல இருந்த உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்போல் இருந்தது.

நீங்கள் இருந்திருந்தால், "எழுத்தும் மண்ணாங்கட்டியும், முதல்ல கயிறைக் காயப் போடடா" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். காயப் போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் மேலே, நான் கீழே. எங்கள் தொழிலை யாராவது கேட்டால் இவ்வளவுதான் சொல்லலாம். வீடுகளுக்கு மேலே சாய்ந்த கொப்புகளை, கூரையும் உடையாமல் மரமும் சாகாமல் இறக்கிக் கொடுப்பது. வயல்காரனான எனக்குக் காலடியில் சேறு இருந்தால்தான் தைரியம். ஏணியில் இரண்டு படி ஏறினாலே தலை சுற்றும். உங்களுக்கோ மரத்தில் ஏறினால்தான் முகத்தில் சிரிப்பு வரும். தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், இடுப்பில் கயிறு, முதுகில் கைவாள். "நானா, உங்களைப் பார்த்தா மரத்துக்கு மேலால ரோட் போட்டிருக்கெண்டு சனம் நினைக்கப் போகுது" என்று நான் பகிடி பண்ணுவேன். நீங்கள் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஏறுவீர்கள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் நீங்கள் கேட்கிற முதற் கேள்வி ஒன்றுதான். "இந்த மரம் சண்டைக்கு முந்தினதோ, பிந்தினதோ?" வேறு ஊர்க்காரர் கேட்டால் விசர்க் கேள்வி என்று நினைப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. முந்தின மரம் என்றால் உள்ளே இரும்பு இருக்கும். ஷெல் துண்டைப் பட்டை மூடி, அதற்கு மேல் மரம் வளர்ந்து, வெளியே ஒரு தழும்புகூட இருக்காது. மெஷின் வாளை வைத்தால் சங்கிலி அறுந்து முகத்துக்கு வரும். அதனால் முந்தின மரங்களுக்கு நீங்கள் கைவாள்தான் பிடித்தீர்கள். பல்லில் இரும்பு தட்டுப்பட்டால் நிறுத்தி, இடத்தை மாற்றி, மறுபடி தொடங்குவீர்கள். கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "அதுவும் தாங்கிக்கொண்டுதானே நிண்டிருக்கு" என்பீர்கள்.

வீட்டுக்காரர் எல்லாருக்கும் மரத்தை மொட்டை அடிக்க ஆசை. "ஒரேயடியா மேலால வெட்டி விடுங்கோ, கொஞ்சக் காலத்துக்குத் தொல்லை இல்லை" என்பார்கள். நீங்கள் கீழே இறங்கி வந்து நிதானமாகச் சொல்வீர்கள்: மொட்டை அடித்தால் மரம் அந்தரப்பட்டுக் கண்டபடி தளிர்க்கும், அந்தக் கொப்புகளுக்குப் பிடிமானம் இருக்காது, அடுத்த காற்றுக்கு அவைதான் முதலில் உங்கள் கூரையில் விழும். கொப்பு தண்டில் சேருகிற இடத்தில் ஒரு தடிப்பு இருக்குமே, அதைக் கழுத்து என்பீர்கள். கீழே ஒரு வெட்டு, மேலே ஒரு வெட்டு, பாரம் போன பிறகு கழுத்தை விட்டு ஒரு வெட்டு. கழுத்து இருந்தால்தான் காயம் மூடும். சிலர் கேட்டார்கள். கேட்காதவர்கள் வேறு ஆளைப் பிடித்து மொட்டை அடித்தார்கள். நீங்கள் அந்த வழியால் போகும்போது மட்டும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிள் ஓடுவீர்கள்.

அந்தப் பலாமரத்துக் கதையை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு அக்கா வீடு. சமையல் குசினிக்கு மேலே பெரிய கொப்பு. நீங்கள் அதைக் கயிற்றால் கட்டி, கயிற்றை மேலே இரண்டு கொப்பு பிரியும் கவரில் போட்டுக் கீழே இறக்கினீர்கள். நான் அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மற்ற நுனியைப் பிடித்திருந்தேன். கொப்பு அறுந்து தொங்கியது. மேலேயிருந்து நீங்கள் ஏதோ கத்தினீர்கள். காற்று. எனக்குக் கேட்டது "விடு". நான் விட்டேன். கொப்பு குசினிக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே போனது. எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவர அந்த அக்கா அப்போதுதான் வெளியே வந்திருந்தா. தட்டத்தோடு முற்றத்தில் நின்ற அவாவின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"விடாதை எண்டெல்லோ சொன்னனான்!"

"இல்லை நானா, விடு எண்டுதான் சொன்னீங்கள்."

"விடாதையடா!"

கூரையைத் திருப்பி மேய்ந்து கொடுக்கும்வரை இதே சண்டைதான். அந்த அக்கா எங்களுக்குச் சோறும் போட்டு, எங்கள் வழக்கையும் கேட்டு, ஒருவருக்கும் தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிட்டா. கடைசி ஓடு வைத்து இறங்கியதும் நீங்கள் சொன்னீர்கள்: "இனி எங்கட தொழில்ல விடு எண்ட சொல்லே இல்லை. பிடி எண்டா பிடி. இறக்க வேணுமெண்டா, தா எண்டு சொல்லுவன். கொஞ்சம் கொஞ்சமாத் தா."

பிறகு சைக்கிளில் வரும்போது, கேட்காமலே, மெல்லமாகச் சொன்னீர்கள். "விட்டிட்டு வா, விட்டிட்டுப் போ எண்டு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

உங்களுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். எங்கள் பக்கத்து இயக்கக்காரர் முஸ்லிம்களான உங்கள் ஆட்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது உங்களுக்கு மீசை அரும்பும் வயது. கதவைப் பூட்டி, திறப்பை எடுத்துக்கொண்டு புத்தளம் போனீர்கள். என் முறை பிறகு வந்தது. வயலில் விளைந்த நெல்லை விட்டு, வீட்டை விட்டு, வழியில் சாமான்களை ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் செட்டிகுளத்தில் அகதி முகாமின் கம்பி வேலிக்குள் போய்ச் சேர்ந்தோம். நீங்கள் போக வேண்டி வந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் நேராகக் கதைத்ததே இல்லை. நான் கதைக்கத் தொடங்கிய ஒரு தடவையும், "கயிறைச் சுத்து, வெயில் ஏறுது" என்றீர்கள். அது மன்னிப்பா, மறதியா, வெறும் களைப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஊர் திரும்பியபோது உங்களுக்கு வீடும் இல்லை, வீட்டுக்குப் போகும் ஒழுங்கையும் இல்லை, எங்கும் பற்றைக்காடு. உங்கள் காணி எது என்று காட்டியது அந்தக் கறுத்தக்கொழும்பான் மாமரந்தான். உங்கள் உம்மா ஊஞ்சல் கட்டிய சங்கிலி கொப்புக்குள் புதைந்து ஒரு கண்ணி மட்டும் வெளியே தெரிந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள் என்று உங்கள் மனைவி ராத்தாதான் எனக்குச் சொன்னா. மரத்துக்குப் பக்கத்தில் புது வீட்டைக் கட்டினீர்கள். ஊர் மரமெல்லாம் பார்த்துப் பார்த்து வெட்டிய நீங்கள், அந்தச் சங்கிலிக் கொப்பு உங்கள் கூரைக்கு மேலே நீண்டு வந்ததை மட்டும் காணாதவர்போல் இருந்தீர்கள். நான் சொன்னால், "என்ர மரத்தில நான்தான் ஏறுவன், நேரம் வரட்டும்" என்பீர்கள்.

நேரம் வருமுன் சிறுநீரக நோய் வந்து நின்றது. வவுனியாவுக்குப் பஸ்ஸில் போவதும், இரத்தம் சுத்தம் செய்வித்துக்கொண்டு வாடி வருவதுமாகப் போனது உங்கள் காலம். ஏற முடியாமல் போன பிறகும் வேலைக்கு வந்தீர்கள். மரத்தடியில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கூலிக்கு மேலே ஏறியவனுக்குக் குரல் கொடுத்தீர்கள். பிறகு அதுவும் முடியாமல் போனது.

அந்த வெள்ளிக்கிழமை உங்கள் கட்டிலருகே நான் இருந்தேன். என் கையைப் பிடித்திருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் நான்தான் உங்கள் கையைப் பிடித்திருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "தா" என்றீர்கள்.

ராத்தா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தா. கரண்டியால் பருக்கினா. நீங்கள் விழுங்கிவிட்டு மறுபடி என்னைத்தான் பார்த்தீர்கள். "கொஞ்சம் கொஞ்சமாத் தா."

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் தாறன், குடியுங்கோ" என்று ராத்தா அழுதுகொண்டு இன்னொரு கரண்டி எடுத்தா.

எனக்கு விளங்கியது, நானா. அந்த அறையில் எனக்கு மட்டுந்தான் விளங்கியது. நான் இறுக்கிப் பிடித்திருந்த கையை ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினேன். உங்கள் மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, இன்னும் இடைவெளி விட்டு வந்தது. பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் போய்விட்டீர்கள்.

மையவாடியில் நான் ஓரமாக நின்றேன். உங்கள் மருமகன்மார் குழிக்குள் இறங்கி நின்று உங்களைக் கைகளில் வாங்கினார்கள். அவசரப்படாமல், இடிபடாமல் இறக்கினார்கள். சரியாகச் செய்தார்கள். என் கைகள் மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருந்தன.

மழைக்காலம் தொடங்கியதும் ராத்தா எனக்குத் தொலைபேசி எடுத்தா. "தம்பி, அந்த மரத்தைத் தறிச்சுத் தாங்கோ. அடியோட." உங்கள் சின்ன மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து, நீங்கள் படுத்திருந்த அதே அறையில் கைக்குழந்தையோடு இருக்கிறா. காற்று அடித்தால் கொப்பு ஓட்டில் உரசுகிறது. அந்தச் சத்தத்துக்கு ராத்தா நித்திரை இல்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாவாம். "அவருக்கு மரம் பெரிசு. எனக்குப் பிள்ளை பெரிசு தம்பி" என்றா. அவா சொன்னது நியாயம். நான் ஒன்று மட்டும் கேட்டேன். "முதல்ல அந்தக் கொப்பை இறக்கிப் பாப்பம் ராத்தா. ஒரு ஓடு உடைஞ்சாலும் நானே மரத்தைத் தறிக்கிறன்." "ஓம், பாருங்கோ" என்றா.

ஒட்டுசுட்டானிலிருந்து சிவம் என்பவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல ஏற்றக்காரர், ஆனால் எங்களோடு வேலை செய்து பழக்கமில்லை. மகளையும் குழந்தையையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினோம். ராத்தா போகவில்லை, வாசற்படியில் முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றா. முந்தின மரம், உள்ளே சங்கிலி வேறு, அதனால் கைவாள்தான். மெஷின் இல்லாததால் முற்றம் அமைதியாக இருந்தது. வாள் போய் வரும் சத்தம் மட்டும். பால் வடிந்து உங்கள் கயிற்றில் இறங்கியது. கீழே ஒரு வெட்டு, மேலே ஒரு வெட்டு. கொப்பு முறிந்து, கயிற்றில் தொங்கி, உங்கள் அறைக்கு நேரே மேலே நின்று ஆடியது. அதன் முழுப் பாரமும் என் கைக்கு வந்தது.

"விடுங்கோ அண்ணை!" என்றார் சிவம்.

என் கை திறக்கவில்லை.

"அண்ணை, சரியாத்தான் நிக்குது. விடுங்கோ!"

அவர் சொன்னதில் பிழை இல்லை. மெல்ல இறக்கச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கத்தான் செய்தது. ஆனால் அந்தச் சொல்லுக்கு என் கை திறக்க மறுத்துவிட்டது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. கால் மண்ணில் இழுபட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பாரம் என்னை வென்றிருக்கும், உங்கள் கூரையும் போயிருக்கும், மரமும் போயிருக்கும்.

அப்போது வாசற்படியிலிருந்து ராத்தா சொன்னா.

"தா தம்பி. கொஞ்சம் கொஞ்சமாத் தா."

என்னோடு கதைக்கும்போது எப்போதும் 'தாங்கோ, வாங்கோ' என்கிற ராத்தா, நானா. அன்று 'தா' என்றா. உங்கள் குரலின் அதே இழுவையில். இத்தனை வருடம் அக்கம்பக்கத்து மரங்களில் நீங்கள் கத்தியதைக் குசினியில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறா. கை தானாகத் தளர்ந்தது. கயிறு ஊர்ந்து போனது. கொப்பு கூரையைத் தொடாமல் சுவர் ஓரமாக இறங்கி, இலைகள் முதலில் மண்ணில் பட்டு, பிறகு மெல்லச் சாய்ந்து படுத்தது. ஒரு ஓடும் அசையவில்லை.

ராத்தா இறங்கி வந்து அந்தச் சங்கிலிக் கண்ணியைத் தொட்டுப் பார்த்தா. பிறகு என் பக்கம் திரும்பினா. ஏதோ ஒன்று அவாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"தம்பி, அண்டைக்கு அவர் தண்ணி கேக்கேல்லயோ?"

நான் கயிற்றைச் சுற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். "தண்ணியும் கேட்டவர் ராத்தா" என்றேன்.

அவா அழுதா. அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மரம் நிக்கட்டும்" என்றா. நாங்கள் புறப்படும்போது உங்கள் கயிற்றை எடுத்து என் கையில் தந்து, "இது உங்களிட்டயே இருக்கட்டும் தம்பி" என்றா.

கழுத்தை விட்டுத்தான் வெட்டினோம், கவலைப்படாதீர்கள். போன கிழமை போய்ப் பார்த்தேன், ஓரத்தில் பட்டை மூடத் தொடங்கிவிட்டது. உங்கள் பேரன் அந்த அறையில் நிம்மதியாகத் தூங்குகிறான். சிவத்துக்கும் எங்கள் சொற்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். பலாமரத்து வழக்கில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். அன்று நீங்கள் 'விடு' என்றுதான் சொன்னீர்கள்.

உள்ளங்கைக் காயம் ஆறிவிட்டது. ஆனால் உங்கள் கையைத் தளர்த்திய அந்த நேரம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. அவரை மறந்து உன் வேலையைப் பார் என்று வீட்டில் சொல்கிறார்கள். மனதால் விட்டுவிடு என்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன், நானா. விடச் சொல்லாதீர்கள். அந்தச் சொல் எங்கள் தொழிலில் இல்லை.