இருவரும் நலம்

செப்டம்பர் 3

இன்று பதினான்கு திருப்பயணிகள் வந்து தங்கியிருக்கிறார்கள். ஒன்பது பேருக்குக் காலில் கொப்புளம். புதுச் செருப்பு வாங்கிய கையோடு புனிதரின் கல்லறைக்கு நடக்கக் கிளம்பிவிடுகிறார்கள், எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்து அழுகிறார்கள்.

இந்த வீட்டில் இரண்டே சிஸ்டர்கள், மூத்தவரான அக்காவும் நானும். மாலை செபத்தில் அக்கா ஒரே திருப்பாடலை மூன்று முறை தொடங்கினார். இரண்டாவது முறை இருமிப் பார்த்தேன். பலிக்கவில்லை. மூன்றாவது முறை நானும் கூடச் சேர்ந்து பாடிவிட்டேன், ஏதோ எங்கள் சபையின் வழக்கம் போல. வந்தவர்களும் பக்தியோடு பாடினார்கள். இந்தப் பாதையில் கன்னியர் என்ன செய்தாலும் நம்பிவிடுகிறார்கள்.

செப்டம்பர் 5

தலைமை இல்லத்துக்கு மாத அறிக்கை. தங்கியவர்கள் எத்தனை பேர், கூரை ஒழுகுகிறதா, சிஸ்டர்களின் உடல்நிலை எப்படி. கடைசிக் கேள்விக்கு வழக்கம்போல "இருவரும் நலம்" என்று எழுதினேன். பதினான்கு மாதமாக இதே பொய்.

அக்காவுக்கு ஞாபகம் தப்புகிறது என்ற உண்மையை எழுதினால் அவரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இருபத்திரண்டு வருடம் பாத்திரம் கழுவி, படுக்கை விரித்து, சண்டை போட்டு, ஒன்றாக இருந்தாயிற்று. அங்கே அவர் வாடிப்போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவருக்காகத்தானா? இங்கே எழுதுவதை யார் படிக்கப் போகிறார்கள் - எனக்காகத்தான். அவர் போனால் இந்த வீட்டில் நான் மட்டும்.

செப்டம்பர் 11

அடுப்படியிலிருந்து வந்த என்னைப் பார்த்து அக்கா, "எங்கேருந்து நடந்து வர்றீங்க?" என்று கேட்டார். அடுப்படியிலிருந்து என்றேன். சிரித்தார். என்னை அவர் "நீங்க" என்று சொன்னதே கிடையாது.

செப்டம்பர் 19

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் திருப்பயணிகள் கிளம்பியதும் படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா இல்லை. கோவிலில் இல்லை, தோட்டத்தில் இல்லை, துணி காயப்போடும் இடத்தில் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அதிலும் இல்லை.

அதன் பிறகு நான் செய்ததுதான் என்னைக் கொல்கிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். போலீசுக்குச் சொன்னால் தலைமை இல்லத்தில் மதருக்குத் தெரிந்துவிடுமே என்று நின்றேன். அடிப் பாவி, அவங்க எங்க விழுந்து கிடக்கிறாங்களோன்னு நெனக்காம உனக்கு அதுதான் கவலையா?

போலீசுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மதியத்துக்கு மேல் அடுத்த தங்குமிடத்திலிருந்து, துறவிகளின் மடத்திலிருந்து, போன் வந்தது. பதினோரு கிலோமீட்டர்! காலையில் கிளம்பிய கூட்டத்தோடு கூட்டமாக அக்காவும் நடந்திருக்கிறார். கன்னியர் உடையில் ஒருவர் திருப்பயணப் பாதையில் நடந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஒருவர் கைத்தடி கொடுத்திருக்கிறார். வழியில் நான்கு பேர் ஆசீர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வீட்டுச் செருப்போடு வந்திருக்கிறாரே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தவம் என்று நினைத்தார்களாம்.

ரொட்டி வண்டிக்காரர் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அக்கா மடத்து வாசலில், குதிகாலில் கட்டுப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். விருந்தினரைக் கவனிக்கும் பிரதர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்:

"எந்த வீடுன்னு கேட்டா சொல்லத் தெரியலை, சிஸ்டர். 'வீட்ல ஒருத்தி தனியா இருக்கா, நான் போகணும்'னு மட்டும் சொல்லிட்டே இருந்தாங்க."

வண்டியில் திரும்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ரொட்டிக்காரர் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார், நல்ல மனிதர்.

செப்டம்பர் 20

மதருக்குக் கடிதம். பதினான்கு மாதத்தையும் எழுதினேன், அந்தப் பத்து நிமிடத்தையும் எழுதினேன்.

செப்டம்பர் 27

மதர் வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் திட்டவே இல்லை.

"எனக்குத் தெரியும்மா. போன வருஷமே இங்க தங்கின ஒருத்தர் எழுதியிருந்தார்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அப்ப நீங்களும் சும்மாதான் இருந்தீங்களா, மதர்?" என்று கேட்டுவிட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "சும்மாதான் இருந்தேன். அவங்களைக் கூட்டிட்டுப் போனா, உன்கூட வந்து இருக்க அனுப்புறதுக்கு என்கிட்ட ஆளில்லை. இருக்கிறவங்கள்ல எழுபது வயசுக்குக் கீழ மூணு பேர்தான்."

நான் ஒரு பக்கம் மறைக்க, அவர் ஒரு பக்கம் தெரியாததுபோல் இருக்க, நடுவில் அக்கா. வீட்டை மூடிவிட்டுத் தலைமை இல்லத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். குளிர் தொடங்கும்வரை நடந்து வருகிறவர்கள் இருப்பார்கள், அதுவரை இருக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 30

அக்காவை அழைத்துப் போனார்கள். காரில் ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அடம். "நீங்க ஏறலையா?" என்றார். இல்லை என்றேன். "சரி, யாராவது வருவாங்க. வாசல்ல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபர் 2

மழை. ஒருவரும் வரவில்லை. திருப்பாடலில் என் வரியையும் அக்காவின் வரியையும் நானே சொல்லி முடித்தேன்.

அக்டோபர் 5

மாத அறிக்கை. தங்கியவர்கள் நூற்று எழுபத்தாறு பேர். கூரை ஒழுகுகிறது. உடல்நிலை என்ற இடத்துக்கு வந்ததும் கை பழக்கத்தில் "நலம்" என்று பாதி எழுதிவிட்டது. அடித்துவிட்டு எழுதினேன்: "தனியாக இருக்க என்னால் முடியவில்லை, மதர். அனுப்ப ஆளில்லை என்று தெரியும். மாதத்தில் ஒரு நாள் நீங்களாவது வந்து என்னோடு மாலை செபம் சொல்லுங்கள்."

திரும்பப் படிக்கவில்லை. படித்தால் கிழித்துவிடுவேன். உறையை ஒட்டி, அந்த மழையிலேயே நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.