எழுபத்தோராம் நம்பருக்குப் போட்ட வெடி

மேல்பிரிவு லயம்,
கொட்டகலை.
நவம்பர் 22

அன்பு மகன் திலக்ஷனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சுதர்ஷினி எழுதுவது. நானும் அப்பாவும் இவளும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம்தானே என்று எழுதுவது வழக்கம், ஆனால் உன் குரலைக் கேட்டுப் பத்து நாள் ஆகிறது, அதனால் அந்த வரியை இந்தத் தடவை பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன், மீதியை நீ எழுது. கொழுந்து பறித்துப் பறித்து என் விரல் பேனா பிடிக்க மறந்துவிட்டது, அதனால்தான் இவளிடம் எழுதக் கொடுத்தேன். (அம்மாவின் விரல் என் காதைத் திருகும்போது மட்டும் எதையும் மறப்பதில்லை, அண்ணா.) நான் சொல்வதை மட்டும் எழுது என்று சொல்லித்தான் பேனாவைக் கொடுத்தேன், நடுவில் என்னமோ கிறுக்குகிறாள், நீ கண்டுகொள்ளாதே.

போனில் அனுப்பினால் நீ திறந்து பார்ப்பதில்லை. மடித்த காகிதத்தைத் திறக்காமல் இருக்க உன்னால் முடியாது, சின்ன வயதில் அடுத்த வீட்டுக்கு வந்த தந்தியைப் பிரித்தவன் நீ. கடைக்கார ஸுஹைர் நானாவின் மகள் ரினோஸா ஞாயிற்றுக்கிழமை புருஷனிடம் அமெரிக்காவுக்குப் போகிறாள், இறங்கியதும் உன் விலாசத்துக்குத் தபாலில் போட்டுவிடுவாள். கூடவே தேயிலைத்தூள், வறுத்து இடித்த மிளகாய்த்தூள், உன் விரல்களுக்குத் தைலம், கொஞ்சம் முறுக்கு. இன்னும் முறுக்கு வைக்கலாம் என்றுதான் கடைக்குக் கொண்டுபோனேன். உங்க மகன் சாப்பிடுற அளவுக்கு ஏத்துனா விமானம் நுவரெலியாவையே தாண்டாது, விடுங்க தங்கச்சி என்று ஸுஹைர் நானா பாதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

இங்கே மழை விடவில்லை. கூரைத் தகரத்தில் ஓட்டை இருந்த இடத்தில் அப்பா தகரத் துண்டு வைத்து அடைத்தார், இப்போது அதற்குப் பக்கத்தில் ஒழுகுகிறது. கரண்டும் அடிக்கடி போகிறது. போகும்போதெல்லாம் பக்கத்துக் காம்பரா வீட்டு ஜீவராணி வாசலில் நின்று, ஏன்டி வடிவு, ஒம்மகன் அமெரிக்காவுல லைன்மேன்தானே, போன்ல ஒரு கோல் போட்டு வரச்சொல்லேன், கம்பத்துல ஏறட்டும் என்று கூப்பாடு போடுகிறாள், அமெரிக்க ஃபுட்போலில் முன்வரிசையில் நிற்கிறவனுக்கும் அதுதான் பெயர் என்றால் கேட்கிறாளா? (நூற்று நாற்பத்து மூன்று கிலோ ஏறினால் கம்பம் இறங்கிவிடும் என்று நான்தான் பதில் சொன்னேன்.) அந்த எடையை அப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார், நான் ஏழு நாள் நிமிராமல் பறிக்கிற கொழுந்து நீ ஒருத்தன். நம் லயத்து வீடுகளிலேயே சாப்பிடுவதற்கென்று வேலைக்குப் போனவன் நீதான் என்று சொல்லிச் சிரிக்கிறார்.

ஆனால் நீ செய்கிற வேலையை விளக்கச் சொன்னால் அவர் இன்னும் திக்குகிறார். போன மாதம் ஸுஹைர் நானா கடையில் வைத்துக் கேட்டிருக்கிறார். என் மகன் பந்தைத் தொட மாட்டான், பந்தோடு ஓடவும் மாட்டான், பந்து வச்சிருக்கிற பையனை அடிக்க நாலு தடியன் வருவான், இவன் குறுக்க நிப்பான் என்று இவர் சொன்னாராம். அப்ப உங்க மகன் செவரா அண்ணே என்று நானா கேட்க, ஆமா நானா, ஆனா நம்ம லயத்துச் செவரு மாதிரி இல்ல, தோட்டக் கம்பெனி கட்டாத செவரு என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கொழுந்து லொறியின் முன்கண்ணாடியில் உன் நம்பர் எழுபத்தொன்றை வெள்ளைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார், தோட்ட மானேஜர் தொரை பார்த்துவிட்டு இது என்ன புது ரூட் நம்பரா என்று கேட்டாராம்.

சரி, நீ இறங்கி ஆடிய அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். உங்களுக்கு அது திங்கள் இரவு, எங்களுக்குக் காலைப் பெரட்டு நேரம். ஹட்டன் பள்ளிக்கூடத்தில் ரக்பி ஆடிய பிள்ளை பத்தொன்பது வயதில் அங்கே படிக்கப் போய், நாலு வருஷம் கல்லூரியில் ஆடி, இரண்டு கழகம் வேண்டாம் என்று அனுப்பி, மூன்றாவது கழகத்தில் பயிற்சிக்கு மட்டும் நிற்கவைத்து, கடைசியில் வேறொருவனுக்குக் கால் முறிந்ததால் முதல் தடவையாக ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இறங்குகிறான் என்றால் சும்மா இருக்க முடியுமா? பெரட்டுக்களத்தில்தான் போனுக்கு நல்ல சிக்னல் இருக்கிறது. நல்லமுத்து கங்காணி பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொண்டிருந்தார், நாங்கள் முப்பது பேர் கூடையோடு இவள் கையில் இருந்த போனைச் சுற்றி நின்றோம், கங்காணியும் புத்தகத்தை மூடிவிட்டு வந்து எட்டிப்பார்த்தார். நீ நன்றாகத்தான் நின்றாய். உங்கள் ஆள் பந்தோடு ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டினான், உடனே புல்லில் ஒரு மஞ்சள் துணி விழுந்தது, கோடுபோட்ட சட்டைக்காரர் மைக்கைத் தட்டி உலகத்துக்கே கேட்கிற மாதிரி செவன்டி ஒன் என்றார். அண்ணன் நம்பரைச் சொல்லிட்டாங்க என்று இவள் குதித்தாள். அவ்வளவுதான், களமே கை தட்டியது, தீபாவளிக்கு மிஞ்சிய சீனவெடியை ஜீவராணி காம்பராவிலிருந்து எடுத்து வந்தாள், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா என்னமோ ஏதோ என்று மோட்டார் சைக்கிளில் ஓடி வந்தார். அப்பா கொட்டகலைக் கடைவீதி முழுக்க ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார். இவள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினாள்.

சாயந்தரம் ஸுஹைர் நானாதான் இன்டர்நெட்டில் பார்த்துச் சொன்னார், அது பாராட்டு இல்லை, நீ எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்ததற்குத் தண்டனை, அதனால் அந்தப் புள்ளிகள் செல்லாமல் போய் நீங்கள் நாலு புள்ளியில் தோற்றீர்கள் என்று. அப்பா அன்றைக்கு ரொட்டி சாப்பிடவில்லை. நீ அனுப்பிய ஒரே பதில், நான் வீட்டுக்கு வந்துரட்டுமாம்மா. அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

மகனே, நாங்கள் வெடி போட்டது உன்னைக் கேலி செய்ய இல்லை. இதை நீ நம்பவேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவு காகிதமும். நீ பிடித்தது தப்புதான். ஆனால் விட்டிருந்தால் பந்து வைத்திருந்த உங்கள் பையனின் விலா எலும்பு போயிருக்கும், அதையும் நான் பார்த்தேன். மழைக்காலத்தில் மலைச்சரிவில் பக்கத்து நிரைக்காரி சறுக்கினால் கைக்கு எது கிடைக்கிறதோ அதைத்தான் பிடிப்போம். போன வருஷம் ஜீவராணியின் கொண்டையைப் பிடித்துத்தான் நிறுத்தினேன், பாதிக் கொண்டை சவுரி என்று அன்றைக்குத்தான் மலைக்கே தெரிந்தது, மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் அவளுடைய கால் இன்னும் முழுசாக இருக்கிறது. முத்தல் இலை பறித்தேன் என்று என் பெயரையும் ஒரு நாள் களத்தில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுச் சொன்னார்கள். மறுநாள் கூடையை எடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன். அதைப் பெரிய வீரம் என்று சொல்ல மாட்டேன், போகாமல் வீட்டில் இருந்தால் உன் அப்பா வைக்கிற ரசத்தைக் குடிக்கவேண்டுமே.

முழங்கால் முடியவில்லை, உடம்பு போதும் என்கிறது என்றால் நாளைக்கே வா, வாசல் நிலையை இடித்தாவது உள்ளே எடுத்துக்கொள்கிறோம். வெட்கத்தில் வருகிறாய் என்றால் வராதே. கழகம் உன்னை இன்னும் போகச் சொல்லவில்லை, நீயே உன்னைப் போகச் சொல்லாதே. தைலத்தைச் சூடு பறக்கத் தேய். தலைக்குத் தொப்பி போடு, இரும்புத் தொப்பியைச் சொல்லவில்லை, கம்பளித் தொப்பியை. முனியாண்டி சாமி உன் முன்னால் நிற்கட்டும், நீ யார் முன்னால் நிற்கிறாயோ அவனும் நன்றாக இருக்கட்டும். கடிதம் கிடைத்ததும் ஒரு மிஸ்ட் கோலாவது போடு.

இப்படிக்கு,
உன் வரவைவிட உன் குரலைச் சீக்கிரம் எதிர்பார்க்கும்
அம்மா சண்முகவடிவு

அண்ணா, அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார், குழாயில் கூட்டம், அதற்குள் எழுதிவிடுகிறேன். அம்மா சொன்னதில் ஒன்று சரியில்லை. அது தண்டனை என்று மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்கு அப்போதே தெரியும். போன தடவை நீ வந்தபோது தரையில் தீக்குச்சி அடுக்கி, இது நான், இது பந்துக்காரப் பையன் என்று சொல்லித்தந்தாயே. நான் ஒழுங்கா வேலை செஞ்சா என் நம்பரை யாரும் சொல்ல மாட்டாங்க, சொன்னா தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம் என்றாயே. மஞ்சள் துணி விழுந்ததுமே புரிந்துவிட்டது. ஆனாலும் குதித்தேன். வெடியைக் கொளுத்தியதும் நான்தான், வீடியோவை அனுப்பும்போது விழுந்து விழுந்து சிரித்தேன், நீயும் சிரித்துத் திட்டுவாய் என்று நினைத்தேன். போன மாதம் நீ காலிலிருந்து கழற்றிவிட்டுப் போன சப்பாத்துக்குள் கோழிக்குஞ்சு நின்ற படத்தை அனுப்பியதற்குத் திட்டினாயே, அந்த மாதிரி. நீ திட்டவே இல்லை. பத்து நாளாக யாரும் என்னைத் திட்டவில்லை. நீ வந்துவிட்டால் அது என்னால்தான். தயவுசெய்து போன் போட்டு என்னைத் திட்டு. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

சுதா

மகனே, உறையை ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன், இது என் கையெழுத்து. இவளை அதிகம் திட்டாதே. தீக்குச்சி அடுக்கி நீ இவளுக்குச் சொல்லித்தந்தபோது நான் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன், எனக்கும் காது இருக்கிறது. துணி விழுந்ததுமே எனக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் கை தட்டினேன். ஏழு வருஷமாக யாருக்கோ குறுக்கே நிற்கிறாய், ஒருவரும் உன் நம்பரைச் சொன்னதில்லை. தப்புக்கென்றாலும் ஒரு தடவை சொன்னார்களே. மறுநாளிலிருந்து நல்லமுத்து கங்காணி பெரட்டில் என் பெயரைக் கூப்பிடுவதில்லை, எழுபத்தொன்னு என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு, இருக்கேன் என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுக்கிறேன். உனக்காக எத்தனை நாளைக்கு நான் இருக்கேன் என்று சொல்வது, இனி நீயே சொல்லு.