உதட்டுக்குப் பின்னால் அரை நொடி

ஜூன் 11, புதன்
ஒலிப் பிரிவு, அறை 9

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் அக்கா இந்நேரம் எழுதியிருப்பாள். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை, வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். அடுத்த படத்தின் கதை கசியக் கூடாதாம். அதனால் ஒலிப் பிரிவில் இருக்கும் பதினோரு பேரையும் வேலை முடியும்வரை ஸ்டூடியோவுக்குள்ளேயே தங்க வைத்துவிட்டார்கள். கேட்டிலேயே போனைப் பிடுங்கி, பெயர் எழுதிய துணிப்பையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கடிதம் எழுதலாம், ஆனால் ஒட்டாமல் மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். வருகிற கடிதமும் பிரித்துத்தான் கைக்கு வரும். என் அறைக்குச் சன்னல் உண்டு. சத்தம் நுழையாமலிருக்க இரட்டைக் கண்ணாடி போட்டுத் திருகி அடைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் தெரிகிறது, கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வெளியான நம் படத்துக்கு அந்தப் பத்திரிகையின் விமர்சகர் ஒன்றரை நட்சத்திரம் கொடுத்ததையும், அவர் படம் பார்க்காமலே எழுதிவிட்டார் என்று ரசிகர் சங்கம் கையெழுத்து வேட்டையில் இறங்கியதையும் கேன்டீன் பேப்பரில் படித்தேன். செயலாளர் என்று உங்கள் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நிறுத்துங்கள். ஒரு படம் நன்றாக இல்லை என்று ஒருவர் சொன்னால் வானம் இடிந்து விழாது. காரணம் கேட்காதீர்கள்.

உங்கள் மைத்துனன்

•

ஜூன் 16, திங்கள்
கண்ணாடிக் கடை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை உன் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "நலம்னு ஒரே வார்த்தை, சாப்பிட்டியான்னு கேக்கறதுக்குள்ள சண்டைக்கு வந்துட்டான், எங்க அப்பா மாதிரியே" என்றாள். அவள் மூட்டுவலி பரவாயில்லை.

நிறுத்தச் சொல்கிறாயே, நிறுத்துகிற நிலையிலா இருக்கிறேன்? கடைக்குக் கண் பரிசோதனைக்கு வருகிறவன் எல்லாம் எதிர்க் கம்பெனி ஆளாகவே வருகிறான். நேற்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார். "மேல் வரியைப் படிங்க சார்" என்றேன். "ஒன்றரை நட்சத்திரம்னு தெரியுது" என்கிறார். பவர் பார்க்காமலே அனுப்பிவிடலாம் என்று கை துறுதுறுத்தது.

மாப்பிள்ளை, இருபத்திரண்டு வருடமாக நம் ஸ்டூடியோவின் சின்னம் திரையில் வந்ததும் எழுந்து நிற்கிறவன் நான். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றவன். அந்த வெள்ளிக்கிழமைக்காரி (நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவள் விமர்சனம் வெள்ளிதானே வரும்) என்ன எழுதியிருக்கிறாள்? கடைசிக் காட்சியில் அப்பா பேசுவது "உதட்டுக்கு அரை நொடி பின்னால் வருகிறது" என்று. நான் நாலு தடவை பார்த்தேன். சங்கத்தில் இருநூறு பேர் பார்த்தார்கள். கச்சிதமாக இருக்கிறது! அப்புறம் அவள் எந்தப் படத்தைப் பார்த்தாள்? பத்திரிகைக்காரர்களும் விசாரிக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஒரு உதவி. அந்தப் படத்தின் ஒலி உன் கைவண்ணம். "பத்திரிகைக் காட்சிக்குப் போட்டதும் தியேட்டருக்குப் போனதும் ஒரே பிரதிதான்" என்று ஸ்டூடியோ தாளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. கதை முடிந்தது.

அன்புடன்
அத்தான்

•

ஜூன் 19, வியாழன்

அத்தான்,

இந்தக் கடிதம் மேனேஜர் வழியாக வரவில்லை. சலவைக்கு வருகிற அண்ணன் துணி மூட்டையில் வைத்து எடுத்து வருகிறார். அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தை எனக்கு முன்னால் படித்தவர் மேனேஜர். படித்ததும் அவருக்கு முகமெல்லாம் பல். "உங்க அத்தான் வெவரமான ஆளுப்பா. எங்களுக்கே தோணலையே!" என்று நீங்கள் எழுதிய வரியை அப்படியே டைப் அடித்து, கீழே என் பெயர் போட்டு மேசையில் வைத்துவிட்டார். அடுத்த வெள்ளிக்குள் கையெழுத்து வேண்டுமாம். அதுவரை யாருக்கும் இல்லாத இந்த யோசனை உங்கள் கடையிலிருந்து வந்தது.

இப்போது நேராகவே சொல்கிறேன். இரண்டும் ஒரே பிரதி இல்லை. பத்திரிகைக் காட்சிக்கு முந்தைய நாள் இயக்குநர் கடைசிக் காட்சிக்கு முன்னால் ஓர் இடத்தில் பன்னிரண்டு பிரேம் வெட்டினார். நொடிக்கு இருபத்து நான்கு பிரேம், ஆக அரை நொடி. படம் அரை நொடி குறைந்தது. நான் குறைக்காத பழைய குரல் தடத்தையே கோத்து அனுப்பிவிட்டேன். யாரும் சதி செய்யவில்லை. பெயர் ஒரே மாதிரி இருந்த இரண்டு கோப்புகளில் தப்பானதை எடுத்தேன், அவ்வளவுதான். மறுநாள் காலையில் கண்டுபிடித்துச் சரிசெய்தோம். தியேட்டருக்குச் சரியானது போயிற்று.

அந்த அம்மா பார்த்தார். பார்த்ததை எழுதினார். அந்த அரங்கில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தும் உதட்டைப் பார்த்தது அவர் ஒருவர்தான். ஒரு ஒலிக்காரனாகச் சொல்கிறேன், அப்படிப்பட்ட ஆள் வேலை இழக்கக் கூடாது.

கையெழுத்துப் பட்டியலைத் திரும்பப் பெறுங்கள். புகார் இல்லையென்றால் மேனேஜருக்கு என் கையெழுத்தும் தேவையில்லை. நானும் பிழைப்பேன், அந்த அம்மாவும் பிழைப்பார். சங்கத்தில் என்ன சொல்வீர்களோ, உங்கள் பாடு.

•

ஜூன் 23, திங்கள்
கண்ணாடிக் கடை

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். பதினோராம் தேதிக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது, பரவாயில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தது. சனிக்கிழமை ஊர்வலமாகப் போய்ப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது என்பதெல்லாம் முடியாத காரியம். எனக்குப் பின்னால் அவ்வளவு பேர் நிற்கிறார்கள்.

உன் அக்கா உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. மேலே இருப்பவர்கள் எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறார்களோ அங்கே போட்டுவிட்டு, வேலையைப் பார். அதுதான் உனக்கும் நல்லது, எல்லோருக்கும் நல்லது. மேனேஜர் சாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்
அத்தான்

•

ஜூலை 1, செவ்வாய்

அத்தான்,

கடிதம் வரவில்லையா? சலவைக்கார அண்ணன் உங்கள் கையில்தான் கொடுத்தார். நீங்கள் இரண்டு தடவை படித்ததையும், நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார். கடையில் முந்நூறு கண்ணாடி வைத்துக்கொண்டு உங்களால் ஒரு கடிதத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். அவர் டைப் அடித்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே நடந்ததை எழுதினேன்: எந்தத் தடம், எத்தனை பிரேம், தவறு என்னுடையது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

"தம்பி, என்ன இது?"

"நடந்தது, சார்."

"கேட்டது கையெழுத்து. கட்டுரை கேக்கல."

"கையெழுத்தும் இருக்கே, சார்."

தாளை மடித்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். வேலையை விட்டுத் தூக்குவார், போன் இருக்கும் துணிப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே போய் நாலு பேரிடம் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். தூக்கவில்லை. அவர்கள் விரும்பினால் இன்னொரு படத்துக்கும் என்னை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதாம். ஒலிக் கருவியோடு வந்த இருநூறு பக்கப் புத்தகத்தை வரி விடாமல் படித்த நான், அதைப் படிக்கவில்லை. வைத்துக்கொண்டார்கள். கேட்டைத் தாண்டினால் வழக்கு. என் கையெழுத்து இல்லாமலேயே ஒலிப் பிரிவு முத்திரையைக் குத்தி அந்த வரியைப் பத்திரிகைக்கு அனுப்பியும் விட்டார்கள். உங்கள் கையெழுத்துப் பட்டியல் போனதுமே, விசாரணை முடியும்வரை அந்த அம்மாவின் விமர்சனத்தை நிறுத்திவிட்டார்கள். போன வெள்ளி ஏழாம் பக்கத்தில் அவருடைய இடத்தில் நம் ஸ்டூடியோவின் முழுநீள விளம்பரம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இருபத்திரண்டு வருடம் எழுந்து நின்ற கம்பெனியில் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. மேனேஜர் உங்களை "அந்தக் கண்ணாடிக்கடை ஆள்" என்றுதான் சொல்கிறார். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் இருந்த கோபத்தைவிட அது அதிகமாக இருந்தது, அதுதான் வேடிக்கை.

உண்மை இரண்டு தாளில் இருக்கிறது. ஒன்று டிராயரில். இன்னொன்று உங்களுக்கு "வராத" கடிதம். எரிக்காமல் இருந்தால் அதைப் பத்திரிகை ஆசிரியரிடம் கொடுங்கள். என் வேலைக்காகப் பயந்துதான் மறைத்தீர்கள் என்றால், அந்தப் பயம் இனி வேண்டாம், விடமாட்டேன் என்கிறார்கள். ஸ்டூடியோவுக்காக மறைத்தீர்கள் என்றால் எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

சலவைக்கார அண்ணனின் மூட்டையைக் கேட்டில் உதறிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இதுதான் கடைசி என்கிறார். பதில் எழுத வேண்டாம், அதை மேனேஜர்தான் படிப்பார். வெள்ளிக்கிழமைப் பேப்பர் கேன்டீனுக்கு வரும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

•

ஜூலை 11, வெள்ளி
ஒலிப் பிரிவு, அறை 9

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அக்கா மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறாளா? நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

இதை ஒட்டாமல் மேனேஜர் சாரிடமே கொடுக்கிறேன். படிக்கட்டும்.

இன்று கேன்டீனுக்குப் பேப்பர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. ஆறாம் பக்கம் வரை இருந்தது, ஒன்பதாம் பக்கத்திலிருந்து இருந்தது. ஏழும் எட்டும் இருந்த தாளை, அந்த அம்மாவின் இடம் இருக்கிற தாளை மட்டும் யாரோ உருவிவிட்டார்கள். விளம்பரம் வந்த வாரம் யாரும் உருவவில்லை. நான் கணக்கில் கெட்டிக்காரன், அத்தான்.

எங்களை உள்ளே வைத்த படத்தின் வேலை முடிந்து, அதற்கும் அடுத்த படத்தின் சுருள்கள் வந்துவிட்டன. எப்போது வெளியே விடுவார்கள் என்று தெரியவில்லை. கேட்டால், "பாக்கலாம் தம்பி" என்கிறார்கள்.

இனிமேல் சங்கம் உங்களை முதல் வரிசையில் உட்கார வைக்காது. செயலாளர் பலகையைக் கடையிலிருந்து கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். கழற்றட்டும். இந்தப் படம் வந்ததும் நீங்களே டிக்கெட் எடுத்து, பின்வரிசையில், எழுந்து நிற்காமல், கை தட்டாமல் ஒருமுறை பாருங்கள். உதடுகளைப் பாருங்கள். எங்காவது ஒட்டவில்லை என்றால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் எனக்கு எழுதுங்கள். மேனேஜர் சார் படித்துவிட்டுக் கொடுப்பார்.

உங்கள்
மாப்பிள்ளை